முதல் தரத்து வெள்ளை அரிசி: சைகோனிலிருந்து ஊராருக்கு

1

தம்பி கோவிந்தனுடைய கடிதம் நேற்று வந்தது. உறையை யாராவது ஆவியில் காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். அது என் சுபாவம். பாகூரில் இருந்த காலத்திலேயே எவன் மேலும் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வராது. கடல் தாண்டி ஏழு வருஷம் ஆன பிறகு அது இரண்டு பங்காகிவிட்டது.

தம்பி எழுதியிருந்தான்: "அண்ணா, நம்மூரில் நெல் அரைக்கிற மெஷின் வந்துவிட்டது. இனிமேல் அவிக்க வேண்டாம், காயப்போட வேண்டாம், குத்த வேண்டாம். நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் மல்லிகைப்பூ மாதிரி பச்சரிசி கொட்டுகிறது. என் சம்சாரத்துக்கு ஏழாம் மாதம். பிரசவப் பத்தியத்துக்கென்று ஒரு மூட்டை நன்றாகத் தீட்டி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்."

ஆறு மாதத்துக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் சபாஷ் என்று பதில் போட்டிருப்பேன். நேற்றோ சட்டையை மாட்டிக்கொண்டு தந்தியாபீசுக்கு ஓடினேன். "அந்த மூட்டையைத் தொடாதே" என்று எழுதி நீட்டினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் புதுச்சேரிப் பட்டணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, எந்த மூட்ட?"

"அரிசி மூட்ட."

"அரிசி மூட்டைய தொடாதன்னு எவனாவது கடல் தாண்டித் தந்தி அடிப்பானா? உள்ள இன்னா வச்சிருக்கீங்க, சொல்லு. நோட்டீசா, துப்பாக்கியா?"

"அரிசிதாங்க இருக்குது. அதான் தொல்லையே."

அவர் எழுந்து உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். மேலதிகாரி துரை என் பெயர், ஊர், தகப்பன் பெயர், வேலை எல்லாம் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். கடைசியில், "மனைவிக்குப் புழுங்கல் அரிசி மட்டும் போடு, விவரம் பின்னால்" என்று மாற்றி எழுதினால் அனுப்புகிறோம் என்றார்கள். என்னை நம்பி அல்ல, பைத்தியக்காரன் என்று முடிவு செய்து அனுப்பினார்கள். போகட்டும், தந்தி போனால் சரி.

அந்த விவரத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். நம்மூர் வாசகசாலைப் பிள்ளைகள் சைகோன் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். ரிக்‌ஷா வண்டியையும் ஆற்றுக் கப்பலையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் எவனும் எழுதுவான். இது நான் எழுத வேண்டியது.

2

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் சர்க்கார் ஆபீசில் உத்தியோகம் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கார் உண்மை, ஆபீசுதான் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டிச் சோதனைச்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே எனக்குக் கோழிக் கொட்டகை. தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, எச்சம் வாருவது. பாகூரில் மாட்டுச் சாணம் வாரியவன் கப்பலேறி வந்து கோழி எச்சம் வாருகிறேன். காக்கிச் சட்டையில் பித்தளைப் பொத்தான் மட்டும் கூடுதல்.

கொட்டகையில் இரண்டு வரிசைக் கூண்டுகள். இடது வரிசைக் கோழிகளுக்கு மெஷினில் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும். வலது வரிசைக்கு அதே அரிசியோடு ஒரு கை தவிடு. மூன்று நான்கு வாரத்தில் இடது வரிசைக் கோழிகள் நடை தள்ளாடும். கால் மடங்கி உட்காரும். பிறகு கழுத்து முதுகுப் பக்கமாக வளைந்து, கொக்கி போட்ட மாதிரி இழுத்துக்கொள்ளும். பார்க்கச் சகிக்காது. அந்த நேரத்தில் டாக்டர் துரை வருவார். சின்ன வயசு, செம்பட்டை மீசை. பின்னாலேயே அவருடைய உதவியாளர் வருவார், தாம் என்று பெயர். இந்த ஊர் அன்னாமித்துக்காரர், மருந்து காய்ச்சுகிறவர். தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு மருந்து வைத்திருப்பார். அதில் சில சொட்டு வாயில் விட்டால் மறுநாள் அந்தக் கோழி எழுந்து கொத்திக்கொண்டிருக்கும்.

அரிசியில் மேல்தோலோடு ஒட்டி ஏதோ ஒரு சத்து இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வேண்டுமாம், ஆனால் அது இல்லாவிட்டால் நரம்பும் இருதயமும் நின்றுபோகுமாம். ஜாவாத் தீவில் இரண்டு பேர் மலை மலையாகத் தவிட்டைக் காய்ச்சி ஒரு சிட்டிகை எடுத்திருக்கிறார்களாம். துரை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

நம்புகிற மாதிரியா இருக்கிறது? பணக்காரன் தின்கிற வெள்ளை அரிசியில் வியாதி, பன்றிக்குப் போடுகிற தவிட்டில் மருந்து! சந்தையில் பாம்பு விஷம் இறக்கிக் காட்டுகிறவனும் இதைத்தான் செய்கிறான். அவனே பாம்பைக் கொண்டுவருவான், அவனே வேரை விற்பான். துரை இடது வரிசை அரிசியில் எதையோ கலக்கிறார், அப்புறம் அதற்கு மாற்றைச் சொட்டு விடுகிறார், பட்டம் வாங்கப் பாரீசுக்கு எழுதுகிறார் என்று நான் தீர்மானம் பண்ணிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்பதுதான் பாக்கி.

3

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கப்பலேறும்போது என் சம்சாரம் அஞ்சலை இரண்டு மூட்டைப் புழுங்கல் அரிசி கட்டிக்கொண்டு வந்தாள். அவளே அவித்து அவளே குத்தியது. துறைமுகத்தில் சுங்கத்துக்காரன் இரும்புக் கம்பியால் மூட்டையை நாலு பக்கமும் குத்திப் பார்த்துவிட்டு, கையில் அள்ளி மோந்து, கெட்டுப்போன அரிசியா என்று கேட்டான். பிறகு நாங்கள் குடிவந்த வரிசையில் பட்டணத்துத் தமிழ்க் குடும்பங்கள். உலை கொதிக்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக் கூலிகள் தின்கிற அரிசி என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மூட்டை தீர்ந்ததும் ஷோலோன் பக்கம் சீனர் மில்லில் போய் முதல் தரம் எதுவென்று கேட்டு, அதையே வாங்கித் தோளில் தூக்கி வந்தேன். பாகூரில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பார்த்த வெள்ளைச் சோற்றை இங்கே தினம் சாப்பிட்டோம். அதில் எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா!

மூத்தவள் பச்சையம்மா ஊரிலேயே பிறந்தவள். இப்போது ஒன்பது வயது. வீட்டில் இருப்பதை விடப் பக்கத்து அன்னாமித்து வீட்டில்தான் அதிகம் இருக்கிறாள். அவர்கள் மொழியிலேயே சண்டை போடுகிறாள், அவர்கள் வீட்டுப் பயறும் பன்றிக்கறியும் தின்றுவிட்டு வந்து, "பசி இல்லப்பா" என்கிறாள். நம் பிள்ளை நம் கையைவிட்டுப் போகிறதே என்று எத்தனை தடவை காதைத் திருகியிருப்பேன்!

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏழுமலை பிறந்தான். பிள்ளை பெற்றவளுக்கு நம்மூர் வழக்கப்படி பத்தியம். பருப்பு கூடாது, காய் கூடாது, கிழங்கு கூடாது. பூண்டு ரசம், சுட்ட கருவாடு, சோறு. அந்தச் சோறு மட்டும் மட்டமாக இருக்கலாமா? முதல் தரத்து அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சி வடித்துக் கொட்டி, வெள்ளை வெளேரென்று போட்டேன். மூன்றாம் மாதம் பிள்ளை பால் கக்கினான், மூச்சு வாங்கினான், ஒரு நாள் காலையில் போய்விட்டான். இறப்பு எழுதுகிற ஆபீசில் கொடுத்த காகிதத்தில் காரணம் 'இருதயம்' என்று இருந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு இருதய வியாதியா? எவன் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று குமாஸ்தாவோடு சண்டை போட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பத்தியத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த பச்சைப்பயற்றுக் கஞ்சியை அஞ்சலை வாங்கிக் குடித்ததை நான் ஒரு நாள் பார்த்திருந்தேன். ஒரே ஒரு கிண்ணம்.

"நீ வாய கட்டல. அதான் புள்ள போச்சு" என்றேன். சவம் வீட்டில் கிடக்கும்போதே சொன்னேன்.

சொன்னதோடு விட்டேனா? ஊருக்கும் எழுதினேன். அந்தக் கடிதம் கைமாறிக் கைமாறி எங்கெல்லாம் போனது என்று உங்களுக்குத்தான் தெரியும். கிருமாம்பாக்கத்தில் இருக்கிற அஞ்சலையின் அம்மாவிடம் கோயிலில் வைத்தே பெண்கள் கேட்டார்களாம், நாக்குக்கு ஆசைப்பட்டுப் புள்ளையத் தின்னவளப் பெத்தவ நீதானேடி என்று. அதற்குப் பிறகு அந்த அம்மாள் தெருவில் தலைகாட்டுவதில்லை என்று தம்பி எழுதினான். அப்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது.

4

இந்த வருஷம் தனபாக்கியம் பிறந்தாள். அஞ்சலை இந்தத் தடவை பத்தியத்தை என்னை விடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் எது கொண்டுவந்தாலும் கதவைச் சாத்தினாள். வெறும் சோறும் ரசமும்தான். ஒரு மாதத்தோடு முடிகிற பத்தியத்தை மூன்று மாதம் இழுத்தாள். கருவாட்டையும் நிறுத்திவிட்டாள். "இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் அப்பிடியே கெணத்துல வுழுந்துடுவேன்" என்பாள். கால் மரத்துப்போகிறது, வீங்குகிறது என்றாள். பிரசவித்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அதே நாட்களில்தான் நான் துரையைப் பிடிக்கத் தயாரானேன். புதிதாக ஆறு கோழிகள் இடது வரிசைக்கு வந்தன. சர்க்கார் அரிசியை அவைகளுக்கு நான் போடவில்லை. அதை யாரும் பார்க்காமல் கால்வாயில் கொட்டிவிட்டு, என் வீட்டு அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டேன். நானே மில்லில் நின்று வாங்கியது, என் பெண்டாட்டி கையால் கழுவியது. இதில் எவன் என்ன கலக்க முடியும்? தண்ணீரையும் நானே காய்ச்சி ஆற்றி வைத்தேன். நான் இல்லாத நேரத்தில் யாராவது நுழைகிறார்களா என்று கதவில் நூல் கட்டிப் போனேன். கோழிகள் கொழுகொழுவென்று இருக்கும், துரை திருதிருவென்று விழிப்பார், நான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பேன். தினம் இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் ஒரு கோழி தள்ளாடியது. இரண்டு நாள் கழித்து மூன்று உட்கார்ந்துவிட்டன. நூல் அறுபடவில்லை. அப்புறம் ஒன்றுக்குக் கழுத்து வளைந்தது.

நான் கூண்டின் முன்னால் குந்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தாம் வந்து நின்றதே தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பாஷை ஓட்டைப் பிரெஞ்சு. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"நீ அரிசி மாற்றினாய். எனக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்."

எழுந்து திரும்பினேன். "தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய்?"

"வேறு அரிசி, அதே வியாதி. எங்களுக்கு நல்லதுதான். எந்தக் கடை அரிசி அது?"

"கடை அரிசி இல்லை. என் வீட்டு அரிசி."

தாம் எழுதிக்கொண்டிருந்த பென்சிலை நிறுத்தினார். "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

சொன்னேன். கைக்குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். மூன்று என்றேன். அழுகைச் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இது என்ன கேள்வி, குழந்தை அழுகிற மாதிரி அழுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைசியாக எப்போது அதன் அழுகையைக் கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய அழுதுகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. துளிக்கூட இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரெண்டு நாளா தொண்ட கட்டியிருக்குது போல" என்றாள் அஞ்சலை. "ஏழுமலைக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி."

5

துரையும் தாமும் எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கையில் அந்தப் பாகுக் குப்பி. துரை குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். தாயார் என்ன சாப்பிடுகிறாள் என்றார். பத்தியத்தைச் சொன்னேன். பயறு உண்டா? இல்லை. கறி? இல்லை. வெள்ளைச் சோறு மட்டுமா? ஆமாம், முதல் தரம் என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொன்னேன், பாருங்கள்.

குப்பியைத் திறந்ததும் நான் குறுக்கே நின்றேன். என்ன இருந்தாலும் அது கோழிக்குக் கொடுத்த மருந்து. என் பிள்ளையைக் கூண்டில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். துரை ஒரு வாய் குடித்துக் காட்டினார். நானும் ஒரு வாய் குடித்தேன். கசப்பும் புளிப்புமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் எனக்குக் கை நீளவில்லை. இன்றைக்குக் குடித்தால் நாளைக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போமே என்றேன்.

அஞ்சலை எழுந்தாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க நம்பவே வேணாம், நவுருங்க. ஒங்கள நம்பித்தான் நான் ஒரு புள்ளையக் குடுத்துட்டேன்."

என்னை ஒதுக்கிவிட்டுக் குப்பியைத் தாம் கையிலிருந்து அவளே வாங்கினாள். எவ்வளவு என்று விரலால் கேட்டாள். பச்சையம்மா முன்னால் வந்து தாம் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்: குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக, ஒரு மணிக்கு ஒரு தடவை, அம்மாவுக்குக் கரண்டியால். நான் சுவரோரம் நின்றேன். என் வீட்டில் எனக்கு வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தைக்கு ஒரு கேவல் வந்தது. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மறுநாள் காலையில் வரிசை முழுக்கக் கேட்கும்படி வீறிட்டு அழுதாள். பட்டணத்து வீட்டம்மாள் ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். அழட்டும், நன்றாக அழட்டும் என்று நான் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் துரையிடம் அந்தப் பழைய இறப்புக் காகிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். "சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இருதயம்தான். ஏன் என்பதைத்தான் யாரும் எழுதவில்லை" என்றார். பயற்றுக் கஞ்சியைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சத்து பயற்றிலும் உண்டு, ஒரு கிண்ணம் போதாது, தினம் குடித்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்றார். பச்சையம்மா ஏன் சௌக்கியமாக இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து மேல்தோலிலிருந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறதாம். அப்புறம் மெஷினில் தீட்டினாலும் முழுக்கப் போகாதாம். அதனால் மெஷினுக்கு நான் விரோதி இல்லை. அவித்துக் காயவைத்த நெல்லைக் கொடுங்கள். தவிட்டை மில்காரனிடம் விட்டுவிட்டு வராதீர்கள். இவ்வளவும் இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறதே, பிறகு ஏன் ஷோலோன் கடைகளில் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட இல்லை, ஏன் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டிலேயே இன்னும் வெள்ளைச் சோறு போடுகிறார்கள் என்று துரையைக் கேட்டேன். எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை என்றார். இதில் யாருக்கோ லாபம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.

6

அஞ்சலையிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. துரை சொன்னதை மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, இவளுக்கு எதற்குப் புதிதாக ஒரு துக்கம் என்று எனக்கு நானே நியாயம் பேசிப் பார்த்தேன். ஆனால் அவள் இன்னும் பயந்து பயந்து சாப்பிட்டாள். தாம் கொடுத்தனுப்பிய பயற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சாப்புடலாமா? நெஜமாவே சாப்புடலாமா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பயற்றுக் கஞ்சியால் அல்ல, அது போதாமல்தான் ஏழுமலை போனான் என்றேன். சோற்றால் போனான், அந்தச் சோறு நான் வாங்கி வந்தது என்றேன்.

அவள் அழவில்லை. குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே இருந்தாள். துவட்டியபடியே கேட்டாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"உங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?"

"நான்தான் புள்ளையத் தின்னவன்னு எங்கிட்ட மட்டுமா சொன்னீங்க? ஊருக்கு எழுதனீங்க இல்ல? ஊருக்கே எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். எப்போது என்றாள். இன்றைக்கே என்றேன். ஆனால் அன்றைக்கு எழுதவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஊரார் முன்னால் தலைகுனிய யாருக்குப் பிடிக்கும்? நேற்றுத் தம்பியின் கடிதம் வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் கடத்தியிருப்பேனோ. அவள் ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

ஆகவே ஊரார் எல்லோருக்கும் இதனால் நான் தெரிவிப்பது. என் மகன் ஏழுமலை இறந்தது என் சம்சாரம் அஞ்சலை வாயைக் கட்டாததால் அல்ல. நான் கட்டிய பத்தியத்தாலும், நான் பெருமைக்கு வாங்கிய வெள்ளை அரிசியாலும்தான் அவன் இறந்தான். முன்னால் நான் எழுதியது பொய். யாரிடமாவது அந்தக் கடிதம் இன்னும் இருந்தால் அடுப்பில் போடுங்கள்.

வாசகசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் பலகையில் ஒட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு பேர் கிருமாம்பாக்கம் போய் அஞ்சலையின் அம்மாவுக்கு முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த அம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்காமல் தெருவில் வைத்து, சத்தமாகப் படியுங்கள்.